மீட்டது எதை? பீஷான் பூங்கா பற்றிச் சில குறிப்புகள்

போன மார்கழியில் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். நகரத்து நீர்நிலைகளைப் பற்றியது. காலையில் மூன்றாவதாகப் பேச வந்தவர் திரையில் இரண்டு படங்களை அருகருகே போட்டார். இடப்பக்கம் அடிமட்டம் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு சிமெண்டுக் கால்வாய். நடுவில் ஒரு சாண் தண்ணீர். வலப்பக்கம் அதே இடம்தான், ஆனால் வளைந்து ஓடும் ஆறு, இரண்டு பக்கமும் புல், ஓரத்தில் கால் நனைக்கும் பிள்ளைகள், பின்னால் அடுக்குமாடி வீடுகள். கீழே ஒரே வரி: இறந்த ஆறு மீட்கப்பட்டது. அரங்கமே 'அடடா' என்றது. பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

அந்த வலப்பக்கப் படத்தில் தெரிகிற அடுக்குமாடிகளுக்கு நாலைந்து புளோக் தள்ளித்தான் நான் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்கா அது. வாரத்தில் நாலு நாளாவது அங்கே நடப்பேன். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆனாலும் அந்த ஒரு வரி தொண்டையில் முள் மாதிரி சிக்கிக்கொண்டது. கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். "ஆற்றோட அகலம் முன்னாடி எவ்வளவு, இப்போ எவ்வளவுங்க?" என்று கேட்டேன். "அந்த விவரம் இப்போ கையில இல்லைங்க" என்றார். மரியாதையான மனிதர், மழுப்பவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் குறிப்பு அந்த விடுபட்ட பதிலைப் பற்றியது. புத்தகத்தை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். பூங்கா என்று வந்தால் மட்டும் 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதுவும் ஒருவர் யோசித்து, வரைந்து, செலவழித்துச் செய்த படைப்புதானே. அதற்கும் ஒரு வாசிப்பு வேண்டாமா?

முதலில் 'மீட்பு' என்ற சொல். நமக்கு இந்தச் சொல் அடகுக்கடையிலிருந்து தெரியும். வைத்த நகையை மீட்டால் அதே நகை கைக்கு வரவேண்டும். பக்கத்துக் கடையில் வாங்கிய புது நகையைக் காட்டி 'மீட்டுட்டேன்' என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள். பீஷானில் நடந்தது இரண்டாவது வகை. புது நகை. நல்ல நகை, கெட்டியான வேலைப்பாடு. ஆனால் இது பழையது இல்லை.

பழையது எது என்று கேட்டுப் பாருங்கள், சிக்கல் புரியும். காலாங் ஆறு சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு; நீளம் என்றால் சுமார் 10 கிலோமீட்டர்தான். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து கிளம்பி மரீனாவுக்குப் போய்ச் சேருகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு நகரம் வேகமாக வளர்ந்த காலத்தில், வெள்ளத்துக்குப் பயந்து நாடெங்கும் ஆறுகளையும் ஓடைகளையும் நேராக்கிச் சிமெண்டு பூசினார்கள். காலாங்கும் அப்படி லோங்காங் ஆனது. (சாக்கடைக் கால்வாய்க்கு மலாய்ச் சொல், இங்கே தமிழர் வாயிலும் அதுதான்.) பீஷான் என்ற பெயரே ஒரு இடுகாட்டிலிருந்து வந்தது. 1870ஆம் ஆண்டு தொடங்கிய பெக் சான் தெங் என்ற காந்தோனியச் சீனர்களின் மயானம் இங்கே பரந்து கிடந்தது. பெக் சான் என்றால் பச்சைக் குன்று, அதன் மாண்டரின் உச்சரிப்புதான் பீஷான். மயானத்தோடு ஒட்டி ஒரு கம்பமும், அதாவது கிராமமும், இருந்தது. 1980களில் பல்லாயிரம் கல்லறைகளைத் தோண்டி எடுத்துவிட்டு நகரம் கட்டினார்கள். பூங்கா 1988இல் வந்தது, பீஷானுக்கும் அங் மோ கியோவுக்கும் நடுவே ஒரு பசுமை இடைவெளியாக. கால்வாய் பூங்காவின் ஓரமாகப் போனது, நடுவே வேலி.

ஆக, 'மீட்டது' எந்த வருடத்து ஆற்றை? கம்பத்து ஆட்கள் பன்றியும் கோழியும் வளர்த்த காலத்து ஓடையையா? அதற்கும் முந்திய சதுப்புக் காட்டையா? ஒன்றையும் இல்லை. யாரும் அதற்கு முயற்சி செய்யவுமில்லை என்பதுதான் உண்மை.

செய்தது என்ன என்பதைப் பார்த்தால், எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. கால்வாய்க்கு வயதாகிவிட்டது, கொள்ளளவும் போதவில்லை. எப்படியும் இடித்துப் பெரிதாக்க வேண்டும். பூங்காவும் பழசாகிவிட்டது. 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் நாட்டின் கால்வாய்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் நெருங்கக்கூடிய இடங்களாக மாற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து, இரண்டு வேலையையும் ஒன்றாக்கினார்கள். வடிவமைப்பு ஜெர்மானியர் ஹெர்பர்ட் டிரைசைட்லின் நிறுவனம். 2009இல் வேலை தொடங்கி 2012 மார்ச்சில் திறந்தார்கள். 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாய், 3.2 கிலோமீட்டர் வளைவு ஆறானது. 62 ஹெக்டேர் பூங்கா, சுமார் 76 மில்லியன் வெள்ளி செலவு.

இந்த எண்களையெல்லாம் கட்டுரைகளில் போடுகிறார்கள். அந்தத் திரையிலும் சிலது இருந்தது. இல்லாதது ஒரே ஒரு எண். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது பெருமழையில் தண்ணீர் பரவக்கூடிய அகலம் 100 மீட்டர் வரை. கொள்ளளவு சுமார் 40 சதவீதம் கூடியிருக்கிறது. என்னைக் கேட்டால் பூங்காவின் மொத்தக் கதையும் இந்த ஒரு வரிதான். வளைவு, புல், கூழாங்கல், நாரை எல்லாம் அதன்மேல் வந்து உட்கார்ந்தவை.

ஊரில் ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஏரிக்கு உள்வாய் என்று ஒன்று உண்டு. கரைக்கு உள்ளே, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் நிலம். கோடையில் அதே நிலத்தில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அது யாருடையது என்று கேட்டால் ஆறு மாதம் தண்ணீருக்கு, ஆறு மாதம் நமக்கு. பீஷானில் செய்திருப்பது ஆற்றுக்கு ஒரு உள்வாய். வித்தியாசம் என்னவென்றால், இங்கே தவணை மாதக்கணக்கில் இல்லை, நிமிடக்கணக்கில். வெயில் நேரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். வானம் இருட்டி ஒரு நல்ல மழை பிடித்தால், பழுப்புத் தண்ணீர் கல் படிகளை மூடி, புல்வெளியில் ஏறி நிற்கும். அதற்காகத்தான் நீர்மட்டம் பார்க்கும் உணர்கருவிகள், எச்சரிக்கை விளக்குகள், சங்கொலி, ஒலிபெருக்கி அறிவிப்பு, மிதவை வளையங்கள். நிலம் சரிவாக ஏறுவதால் எழுந்து நடந்தாலே மேடு வந்துவிடும். பழைய கால்வாயில் விழுந்தால் ஏறப் பிடிமானம் இருக்காது.

இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை மாலை அப்படி ஒரு மழையில் மாட்டினேன். ஆற்றோரத்தில் இருக்கும் மெக்டொனால்ட்ஸில் ஒதுங்கி நின்றேன். சங்கு ஊதியது. கல் தாண்டி விளையாடிய பிள்ளைகளை அப்பா அம்மாக்கள் மேலே இழுத்துக்கொண்டார்கள். இருபது நிமிடத்தில் எதிர்க்கரை நடைபாதை வரைக்கும் தண்ணீர். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பாட்டி தலையை ஆட்டியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பயமில்லை, பதற்றமில்லை. கடை வழக்கம்போல் ஓடியது. வெள்ளம் வருவதற்கென்றே ஒரு இடம் இருந்தால் வெள்ளம் வருவது ஒரு செய்தியே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பூங்காவின் மிகச் சிறந்த நேரம் அதுதான். அதை யாரும் படம் எடுத்துத் திரையில் போடுவதில்லை, பழுப்பாக இருக்கிறது இல்லையா.

சரி, இப்போது பூங்காவைப் பற்றி எழுதுகிறவர்களோடு என் சண்டைக்கு வருகிறேன். இரண்டு விஷயம்.

ஒன்று, அந்த '30 சதவீதம்'. பூங்காவைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும், எந்த விலங்கையும் கொண்டுவந்து விடாமலேயே இரண்டே வருடத்தில் பல்லுயிர் வளம் 30 சதவீதம் கூடியது என்று இருக்கும். இருக்கட்டும். ஆனால் சிமெண்டுத் தொட்டியிலிருந்து கணக்கைத் தொடங்கினால் எது வந்தாலும் கூடுதல்தானே? வகைகளின் எண்ணிக்கை கூடியது என்பது ஒரு செய்தி. எவை தங்கின, எவை குஞ்சு பொரித்தன, எவை வழிப்போக்கர்கள் என்பது வேறு செய்தி. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைத் திரும்பத் திரும்பச் சொல்வது, கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லிவிட்டு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்லாத மாதிரி.

நீர்நாய்க் கதையும் இதில் சேர்த்தி. நம் காவிரியில் இருக்கிற அதே இனம்தான். சிங்கப்பூரில் 1970களுக்குள் காணாமல்போய், 1990களின் கடைசியில் வடக்குக் கடலோரத்தில் திரும்பி வந்து, பிறகு நகரத்து ஆறுகளுக்குள் நுழைந்தது. 2014, 2015 வாக்கில் பீஷான் பூங்காவில் குட்டிகளோடு ஒரு குடும்பம் குடியேறி, நாட்டுக்கே செல்லப்பிள்ளை ஆனது. நானும் குடையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிகாலையில் போய் நின்றவன்தான், மறுக்கவில்லை. 'இயற்கை திரும்பியதற்குச் சாட்சி' என்று எழுதினார்கள். அப்புறம் நடந்ததை அந்த வரியோடு சேர்த்து எழுதுவதில்லை: அதே குடும்பம் ஆற்றோடு கீழே போய், மரீனாவில் ஏற்கெனவே இருந்த குடும்பத்தை விரட்டிவிட்டு அங்கே குடியேறியது. புல்லும் வளைவும் உள்ள பூங்காவை விட்டுவிட்டு, கண்ணாடிக் கட்டடங்கள் சூழ்ந்த நீர்த்தேக்கத்துக்கு. நீர்நாய்க்கு மீன் வேண்டும், படுக்கக் கொஞ்சம் மண், ஒளிய ஒரு பொந்து. பாலத்தின் அடியும் போதும். அது தின்னுகிற மீனில் பெரும்பங்கு திலேப்பியா மாதிரி வெளியூர் மீன்கள். வெளிநாட்டு மீனைத் தின்று, மனிதன் வெட்டிய ஆற்றில் நீந்தி, கால்வாய் வழியாக ஊர் சுற்றுகிற விலங்கு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நகரத்தில் பிழைக்கிற சாமர்த்தியம் அது. பழைய இயற்கை மீண்டதற்கு அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்கிறேன், அவ்வளவே.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியம். 'தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் இயற்கை' என்ற தொனி. ஆற்றின் கரையைப் பிடித்து வைத்திருப்பது உயிருள்ள செடிகளின் வேர். அதற்கு முன்பு இந்த வெயிலிலும் மழையிலும் எது பிடிக்கும் என்று தெரியாததால், சுமார் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு பக்கக் கால்வாயில் 10 விதமான முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் புதைப்பது, கல்லடுக்குக்கு நடுவே தண்டுகளைச் செருகுவது, நாணல் உருளைகள், துணி போர்த்திய மண் அடுக்குகள். நல்ல எச்சரிக்கையான வேலை. ஆனால் வேர் பிடித்த பிறகு கதை முடிந்துவிடுவதில்லை.

ஒருநாள் காலை ஏழு மணிக்குச் சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் கைப்பேசியில் தமிழ்ப் பேச்சு கேட்டது. புதுக்கோட்டைப் பக்கம். வேலை முடிந்து நிழலில் உட்கார்ந்தபோது பேச்சுக் கொடுத்தேன். எந்த இடத்தை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கம்பு நட்டு வச்சிருப்பாங்கண்ணே. அதுக்கு அந்தாண்ட தொடக்கூடாது. ஆனா புல்லு வளர்ந்துச்சுன்னா, பாம்பு வரும்னு கம்ப்ளைண்டு வரும். வெட்டினோம்னா, குருவி கூடு போச்சுன்னு கம்ப்ளைண்டு வரும். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்ணே, மறுபடி வரணும்."

மழை வெள்ளம் வடிந்த மறுநாள் என்ன வேலை என்றும் கேட்டேன். கிளைகளில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குவது, படியில் படிந்த சேற்றை அள்ளுவது, சாய்ந்த நாணலை நிமிர்த்துவது. "தண்ணி வந்து போனா எங்களுக்குத்தான் தீபாவளி" என்று சிரித்தார்.

பூங்காவைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த ஆட்கள் இல்லை. வடிவமைப்பாளர் இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார், நீர்நாய் இருக்கிறது. காட்டுத்தனமாகத் தெரிகிற அந்தப் புல், ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் வெட்டாமல் விட்டதால் காட்டுத்தனமாக இருக்கிறது. வெட்டுவதைவிட வெட்டாமல் விடுவதற்குக் கவனம் அதிகம் வேண்டும். இதைச் செலவுக் கணக்கிலும் கதையிலும் எழுதாமல் விட்டால், வேறு ஊர்க்காரர் இதைப் பார்த்து, 'ஒருமுறை கட்டினால் போதும், அப்புறம் இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று நினைத்துவிடுவார். மூன்றாம் வருடம் ஆகாயத்தாமரை மூடிய குளம்தான் மிஞ்சும்.

குளங்களைப் பற்றிச் சுருக்கமாக. மேரிமவுண்ட் சாலை பூங்காவை இரண்டாக வெட்டுகிறது. ஒரு பக்கம் ஆற்றுச் சமவெளி, மறுபக்கம் குளத் தோட்டங்கள். தாமரைக் குளம், நாய்கள் ஓட ஒரு வேலியிட்ட இடம். படிப்படியாகச் செடிப் பாத்திகள் இருக்கின்றன. தண்ணீரை அவற்றின் வழியாகச் செலுத்தி, ரசாயனம் போடாமலே வடிகட்டுகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் பிள்ளைகளின் நீர் விளையாட்டுத் திடலுக்கும் போகிறது. பாத்திகளின் பக்கம் கூட்டமே இருக்காது. கம்புள்கோழி சாவகாசமாக நடக்கும், நீர் உடும்பு வெயில் காயும். விசாகத் தினம் நெருங்கினால் புண்ணியத்துக்காகக் குளத்தில் ஆமையும் மீனும் விட வருபவர்களும் உண்டு. விடாதீர்கள் என்று அதிகாரிகள் வருடா வருடம் சொல்கிறார்கள். கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமைகள் கல்லின்மேல் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று தெரிந்துவிடும்.

பூங்காவில் எனக்குப் பிடித்த ஒரு மூலையையும் சொல்லிவிடுகிறேன். உடைத்த கால்வாயின் சிமெண்டுப் பலகைகளை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல், அங்கேயே குவித்து ஒரு சிறு குன்றாக்கியிருக்கிறார்கள். பலகைகள் அப்படியே கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏறி நின்றால் கீழே ஆறு. நீ நிற்பது பழைய ஆற்றின் மேல், பார்ப்பது புது ஆற்றை என்று அந்த இடம் ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிடுகிறது. மொத்தப் பூங்காவிலும் 'மீட்பு' என்று பொய் சொல்லாத இடம் அதுதான்.

மேலேயிருந்து கீழ்த்திசையில் நடந்து போனால், பூங்காவின் எல்லையில் ஆறு மறுபடி சிமெண்டுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் அதுவரை நடப்பதில்லை. அங்கே வளைவு இல்லை, ஏனென்றால் இடம் இல்லை. இரண்டு பக்கமும் சாலையும் வீடும். அந்த இடத்தில் நின்றால்தான் சென்னைக்கு வேண்டிய கேள்வி தெளிவாகத் தெரிகிறது. இங்கே 100 மீட்டர் எப்படிக் கிடைத்தது? அது ஏற்கெனவே பூங்காப் புல்வெளி, அரசு நிலம். 2009இல் ஒரு வீட்டைக்கூட இடிக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் இந்த வட்டாரத்துக் கம்பத்து ஆட்களை அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே கிளப்பி அடுக்குமாடிகளில் ஏற்றிவிட்டார்கள். 1966ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. அந்த விலையை யாரோ முன்னமே கொடுத்துவிட்டார்கள், பூங்காவின் கணக்கில் அது வரவில்லை.

நம் ஊரில் 'ஆற்றுக்கு இடம் கொடு' என்றால், யாருடைய இடம் என்று கூடவே கேட்டாக வேண்டும். கரையில் தகரக் கொட்டகை போட்டிருப்பவரின் இடமா, உள்வாயில் பட்டா வாங்கிக் கட்டிய கல்லூரியின் இடமா? அதைப் பேசாமல் வலப்பக்கப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஏரிக்குள்ளேயே சுற்றி வரக் கரை போட்டு, அதன்மேல் கல் பதித்த நடைபாதை, கம்பி வேலி, நாலு சிமெண்டு கொக்கு. தண்ணீருக்கு இருந்த இடமும் குறையும், வாய்க்காலிலிருந்து வரும் வழியும் அடைபடும். பெயர்ப் பலகையில் சூழலியல் பூங்கா என்று இருக்கும். பீஷானில் தண்ணீருக்கு இடம் கூடியது. அதைப் பார்த்துச் செய்ததாகச் சொல்லும் இடத்தில் குறைகிறது.

சிங்கப்பூர் திரும்பியதும் அந்தப் பேச்சாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அகலக் கணக்கைக் குறித்து அனுப்பினேன். கூடவே அந்தச் சனிக்கிழமை மாலை மெக்டொனால்ட்ஸ் வாசலிலிருந்து கைப்பேசியில் எடுத்த படத்தையும் இணைத்தேன்: கரையிலிருந்து கரை வரை பழுப்புத் தண்ணீர், ஒரு மனிதர் இல்லை, ஒரு நாரை இல்லை, பாதி மூழ்கிய ஒரு பெஞ்சு. அந்த இரண்டு படங்களுக்குப் பக்கத்தில் இதை மூன்றாவதாகப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.